அக்கரையில் மணி பதினொன்று

வீட்டு வண்டிகள் வந்து தங்கும் மெஸ்கீட் வளைவு முகாமின் அலுவலக அறையில் மாட்டியிருக்கும் கடிகாரம் ஆறேழு வருஷமாகக் குளிர்காலம் முழுக்க ஒரு மணி நேரம் பிந்தித்தான் ஓடும். புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே கேட்டுவிடுவார்கள். "பேட்டரி தீந்து போச்சா?" என்பார் ஒருவர். "மேயரம்மாவுக்கும் வயசாச்சு, கடிகாரத்துக்கும் வயசாச்சு" என்பார் இன்னொருவர். முகாமின் பொறுப்பாளர் வெர்னாவுக்கு மேயரம்மா என்பது பட்டப்பெயர்; அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "அது அக்கரை மணி. யாரும் தொடப்படாது" என்று சொல்லிவிட்டு இட நம்பர் எழுதிய சீட்டை நீட்டுவாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

கொலராடோ ஆற்றில் எங்களுக்கு இக்கரை அரிசோனா, அக்கரை கலிபோர்னியா. கோடையில் இரண்டு கரைக்கும் ஒரே மணிதான். நவம்பர் முதல் ஞாயிறு அன்று அக்கரைக்காரர்கள், பகல் குறைகிற குளிர்காலத்துக்காக, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அரிசோனாக்காரர்கள் கடிகாரத்தைத் தொடவே மாட்டார்கள், இவர்கள் எதற்குத்தான் மசிந்திருக்கிறார்கள்? ஆகவே மார்ச் வரைக்கும் பார்க்கர் பாலத்தைக் கடக்கிற இரண்டு நிமிடத்தில் ஒரு மணி நேரம் காணாமல் போகும். பல் வைத்தியருக்குப் போவதானாலும் சரி, கல்யாணத்துக்குப் போவதானாலும் சரி, "எந்தக் கரை மணி?" என்று கேட்காமல் யாரும் கிளம்புவதில்லை.

வெர்னா நெப்ராஸ்காவில் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். அங்கேயும் அவள் நேரம் தவற மாட்டாள், தவறியவர்களுக்காக நிற்கவும் மாட்டாள். கணவன் ஹாலிஸுக்கு முட்டி தேய்ந்து, பனி ஒத்துக்கொள்ளாமல் போகவே, வீட்டை விற்றுவிட்டு வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற ஒரு டிரெய்லர் வீட்டில் இங்கே வந்தார்கள். இரண்டு வாரம் இருக்கலாம் என்று வந்தவர்கள்தான். முகாமின் பொறுப்பாளர் வேலை காலியாக இருந்தது. வெர்னா கையில் இடப் பட்டியல் மாட்டிய ஒரு அட்டையும் பேனாவும் கொடுத்தார்கள். அவ்வளவுதான், ஜூலை மாதத்து நாற்பத்தெட்டு டிகிரி வெயிலில்கூட அவள் இந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

சட்டம் என்றால் அவளுக்குச் சர்க்கரை. நாய்க்குக் கயிறு, கழிவுநீர்க் குழாய்க்கு இறுக்கமான மூடி, ஒன்பது மணிக்குமேல் ஜெனரேட்டர் கூடாது. எல்லாம் அவள் கையால் எழுதிப் பலகையில் ஒட்டியவை. அதில் ஆறாவது சட்டம் இது: குளிர்காலம் முழுக்கத் தங்க வருகிற பழைய ஆட்களுக்கு அவரவர் இடம் நவம்பர் முதல் ஞாயிறு நண்பகல் பன்னிரண்டு வரை காத்திருக்கும். பன்னிரண்டு அடித்தால் வரிசையில் நிற்கிற அடுத்த ஆளுக்கு.

பதினேழாம் நம்பர் இடத்துக்கு மட்டும் அந்தச் சட்டம் தேவைப்பட்டதே இல்லை. ஆற்றங்கரையில் பெரிய காட்டன்வுட் மர நிழல் விழுகிற ஒரே இடம் அது. படுக்கையில் இருந்தபடியே தண்ணீர் தெரியும். பத்தொன்பது குளிர்காலமாக அங்கே ஓரிகன் மாநிலத்து பர்ன்ஸ் ஊரிலிருந்து எல்டனும் ஓப்பலும் வந்துகொண்டிருந்தார்கள். எல்டன் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிக்கப் வண்டியின் கூரைமேல் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு படகு கட்டியிருப்பார். ஓப்பல் ஒல்லியாக, உயரமாக, வாய் ஓயாத பெண்மணி.

டிரெய்லரைப் பின்னோக்கி இடத்துக்குள் நுழைப்பதுதான் இங்கே புருஷன் பெண்டாட்டிகளுக்குப் பரீட்சை. அவர் ஓட்டுவார், அவள் பின்னால் நின்று கை காட்டுவாள். ஐந்து நிமிடத்தில் கத்தல் கிளம்பும். அக்கம்பக்கத்தார் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஆனால் ஓப்பல் கை காட்டினால் ஒரே முயற்சியில் டிரெய்லர் மரத்தடியில் போய் நிற்கும். "பாத்தீங்களா, இதுக்குத்தான் இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டேன். சொன்ன பேச்சைக் கேக்கும்" என்பாள். அவர்கள் டிரெய்லருக்குள் சமையல் மேடைக்குமேல் ஒரு கடிகாரம் உண்டு. அக்டோபர் கடைசியில் ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஓப்பல் அதன்மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிடுவாள்: 'தொடாதே, இது வெர்னா மணி.' வழியெல்லாம் மற்றக் கடிகாரங்கள் எப்படி மாறினாலும் அது மாறாமல் அரிசோனா மணியையே காட்டும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவளிடமிருந்து ஒரு தபால் அட்டையும் வரும். அதில் எப்போதும் ஒரே வாசகம்தான்: 'முதல் ஞாயிறு. பதினேழு. காபி போட்டு வை.'

வெர்னாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. பிள்ளைகளும் இல்லை. ஓப்பலைவிட்டால் மனசுவிட்டுப் பேச அவளுக்கு ஆளே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படிப்பட்ட ஓப்பல்தான் ஏழு வருஷத்துக்கு முந்தின மார்ச் மாதம் அவளைச் சந்தி சிரிக்க வைத்தாள்.

மாலை நாலு மணிக்கு முகாமில் வட்டம் கூடும். அவரவர் நாற்காலி, அவரவர் கோப்பை. அன்று ஞாயிறு, கூட்டுச் சாப்பாடும் இருந்தது. ஆளுக்கொரு பண்டம் செய்து, பாத்திரத்தின் அடியில் ஒட்டுத்தாளில் பெயர் எழுதிக் கொண்டுவருவார்கள். இருபது பேருக்கு நடுவே ஓப்பல் திடீரென்று எழுந்து நின்றாள்.

"வெர்னா, என் நீலக் கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்துட்டுப் போனியே, எப்பத் திருப்பித் தருவே?"

"எந்தப் பாத்திரம்டி? நான் எடுக்கலையே" என்றாள் வெர்னா சிரித்துக்கொண்டே.

"பொய் சொல்லாதே. ஒவ்வொரு வருஷமும் என்கிட்டேயிருந்து ஏதாவது ஒண்ணைச் சுருட்டிடறே. பாவம் போகட்டும்னு நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். எல்லாருடைய பொருளையும் எண்ணி வச்சுக்குங்கப்பா, இவ மேயர் இல்ல, திருடி!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எல்டன் ஓப்பலின் கையைப் பிடித்து இழுத்து, "விடு ஓப்பல், விடும்மா" என்றார். வெர்னாவின் முகம் செத்துப்போயிற்று. அன்று சாயங்காலமே எல்டன் தனியாக வந்து, பாத்திரம் தங்கள் அலமாரியிலேயே இருந்தது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "அதை அவ வாயால வந்து சொல்லட்டும்" என்றாள் வெர்னா. ஓப்பல் வந்து சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர்கள் ஊருக்குக் கிளம்பியபோது வெர்னா வெளியே வந்து கைகூட ஆட்டவில்லை.

கோடை முழுக்க அது அவள் நெஞ்சில் கிடந்து அறுத்தது. "பத்தொன்பது வருஷம், ஹாலிஸ்! ஒரு கண்ணாடிப் பாத்திரத்துக்கு என்னைத் திருடிங்கறா!"

"அவளுக்கு என்னவோ, ஏதோ. நீயே ஒரு போன் போட்டுப் பேசேன்" என்றார் ஹாலிஸ்.

"நான் ஏன் போடணும்? எனக்கு மானம் ரோஷம் கிடையாதா?"

ஆகஸ்டில் தபால் அட்டை வரவில்லை. செப்டம்பரிலும் வரவில்லை. திமிரைப் பார் என்று வெர்னா பல்லைக் கடித்தாள். அட்டை எழுதுகிற ஆளுக்கு எழுத்தே மறந்துகொண்டிருந்தது என்று அவளுக்கு யார் சொல்வது?

நவம்பர் முதல் ஞாயிறும் வந்தது. காலை எட்டு மணியிலிருந்தே வாசலில் பஸ் மாதிரி ஒரு மோட்டார் வீடு நின்றுகொண்டிருந்தது. மினசோட்டாக்காரர்கள், பிரென்ட் என்றொரு மனிதரும் அவர் மனைவி ஷார்லீனும். ஆற்றங்கரை இடம் ஏதாவது காலியாகுமா என்று பிரென்ட் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து கேட்டார். "பன்னிரண்டு ஆகட்டும் சார்" என்றாள் வெர்னா.

பதினொன்றே முக்காலுக்கு அவள் பறவை பார்க்கிற பைனாகுலரை எடுத்துக்கொண்டு அலுவலகப் படியில் வந்து நின்றாள். கொக்கைப் பார்க்கிறேன் என்று ஹாலிஸிடம் சொன்னாள். கொக்காவது ஒன்றாவது! அக்கரைச் சாலையைத்தான் பார்த்தாள். அங்கே, பாலத்துக்குச் சற்று முன்னால், சாலை ஆற்றை ஒட்டி வருகிற இடத்தில் அந்தப் பிக்கப்பும் டிரெய்லரும் ஓரங்கட்டி நின்றன. மஞ்சள் படகு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. ஓப்பல் தண்ணீர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். எல்டன் பக்கத்தில் நின்று அவள் தோளில் கை போட்டிருந்தார்.

வெர்னாவுக்கு முதலில் நெஞ்சு குளிர்ந்தது, அதுதான் நிஜம். வந்துவிட்டார்கள் என்று ஓர் அடி முன்னால்கூட வைத்தாள். அடுத்த நிமிடமே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பார், பன்னிரண்டு ஆகப் போகிறது, அங்கே நின்று காட்சி பார்க்கிறாள் மகாராணி! இந்த வெர்னா இடத்தைக் காத்துக்கொண்டு கிடப்பாள், அவளுக்கு வேறென்ன வேலை என்ற நினைப்பு. அவர்கள் அசைவார்கள் என்று பார்த்தாள். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. அசையவில்லை.

அக்கரையில் அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த வெர்னா மணிக் கடிகாரம் இருக்கும்போது ஓப்பல் நேரத்தைத் தப்பவிட மாட்டாள், வேண்டுமென்றே செய்கிறாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். முந்தின வருஷம் டயர் வெடித்த ஒரு கிழவருக்காக மூன்று மணி வரை இடத்தைப் பிடித்து வைத்தவள் இதே வெர்னாதான். அன்று சட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்றிருந்தாள். இன்று பன்னிரண்டு அடித்ததும் உள்ளே போனாள். அட்டையில் பதினேழுக்கு நேராக இருந்த பெயரை அடித்தாள்.

"பிரென்ட் சார், உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். பதினேழு காலி."

ஹாலிஸ் பைனாகுலரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "வெர்னா, வேணாம்" என்றார்.

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்."

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு மஞ்சள் படகு வாசலில் வந்து நின்றது. எல்டன் இறங்கினார். எட்டு மாதத்தில் பத்து வயசு கூடினவர் மாதிரி இருந்தார். ஆனாலும் முகம் நிறையச் சிரிப்பு. கைபேசியைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா மேயரம்மா, இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன்! அட்டை போட முடியல, மன்னிச்சுக்கோ. காபி ரெடியா?"

வெர்னா மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தாள். "இங்க மணி பன்னிரண்டு முப்பத்தஞ்சு, எல்டன். பதினேழைக் குடுத்தாச்சு. பின் வரிசையில, ரோட்டோரமா நாப்பத்தொண்ணு இருக்கு."

எல்டன் கைபேசியைப் பார்த்தார், அது இன்னும் அக்கரை டவரின் மணியைத்தான் காட்டியது. பிறகு ஆற்றைப் பார்த்தார். "ஐயோ, ஆமா. அக்கரை மணி" என்றார் மெல்ல. "அந்தக் கடிகாரத்தை இன்னிக்குக் காலைல நான்தான் மாத்தி வச்சேன். ஒட்டியிருந்த தாளு எங்கேயோ விழுந்து போச்சு போல. அதெல்லாம் அவதான் பாத்துப்பா."

அதற்குள் ஓப்பல் வண்டியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தன. வெர்னாவை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "வெர்னா! என் தங்கமே! எவ்வளவு நாளாச்சு உன்னைப் பாத்து! ஆமா, நம்ம மரத்தடியில எவனோ பஸ்ஸை நிறுத்தியிருக்கானே, அவனைப் போகச் சொல்லேன்."

வெர்னாவின் கைகள் தொங்கியபடியே இருந்தன. எல்டன் அவளை வண்டிக்குப் பின்னால் அழைத்துப்போய்ச் சொன்னார். ஓப்பலின் மறதி வியாதிக்கு டாக்டர் பெயர் வைத்தது மே மாதத்தில். ஆரம்பித்தது அதற்கு முன்னாலேயே. "அந்தப் பாத்திரச் சண்டை, அதுதான் ஆரம்பம்னு டாக்டர் சொன்னார். பழகின இடத்துல வச்சிருந்தா கொஞ்ச நாள் தாங்கும்னாரு. வீட்டுல தினமும் 'ஆத்துக்குப் போலாம், மரத்தடிக்குப் போலாம்'னு ஒரே நச்சரிப்பு. அந்த எடத்துல போய் உக்காந்தா தெளிஞ்சுடுவான்னுதான் ஆயிரம் மைல் ஓட்டிக்கிட்டு வந்தேன். பரவால்ல விடு. நாப்பத்தொண்ணும் நல்ல எடந்தான்."

நாற்பத்தொன்று நல்ல இடம் ஒன்றும் இல்லை. முன்னால் லாரிச் சாலை, பின்னால் குப்பைத் தொட்டி. ஆறு கண்ணிலேயே படாது. டிரெய்லரைப் பின்னோக்கி நுழைக்கும்போது ஓப்பல் பின்னால் நிற்கத்தான் செய்தாள், இரண்டு கையையும் ஆட்டத்தான் செய்தாள். எந்தக் கை எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டவர்கள் ஒவ்வொருவராக மறுபடியும் திருப்பிக்கொண்டார்கள். ஹாலிஸ்தான் போய்க் கை காட்டினார். வெர்னா அலுவலகத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாளிலிருந்து காலை ஆறரைக்கு ஓப்பல் வீட்டுச் செருப்போடு நடந்து பதினேழுக்குப் போய்விடுவாள். மோட்டார் வீட்டின் கதவைத் தட்டுவாள். "எல்டன், கதவைத் தொற. என்னை ஏன் வெளிய வச்சுப் பூட்டினே?" முதல் இரண்டு நாள் பிரென்ட் பொறுமையாக இருந்தார். மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"அம்மா, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. என் பொண்டாட்டி பயப்படறா."

வெர்னா எழுந்து நின்றாள். "சார், ஒரு உதவி. இடத்தை மாத்திக்கிறீங்களா? வேற ஆத்தங்கரை இடம் காலியானா உங்களுக்குத்தான் முதல்ல. நான் தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன தப்பு? பன்னிரண்டு மணி வரைக்கும் காத்திருந்தீங்க, குடுத்தீங்க. பலகையில நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க? எனக்கும் இதயத்துல ரெண்டு அடைப்பு எடுத்திருக்காங்கம்மா. இந்த மரத்தடிக்கு நானும் நாலு வருஷமாக் காத்திருந்தேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவள் சட்டம் அவளையே பார்த்துப் பல்லை இளித்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஓப்பலைப் பதினேழிலிருந்து நாற்பத்தொன்றுக்குக் கூட்டிவருவது வெர்னாவின் வேலையாயிற்று. கையைக் கோத்துக்கொண்டு நடப்பார்கள். ஓப்பல் பழைய கதையெல்லாம் பேசுவாள், பாதி சரியாக, பாதி தாறுமாறாக. ஒருநாள் வெர்னா பாதையில் நின்றுவிட்டாள்.

"ஓப்பல், மார்ச்சுல நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு சண்டை வந்துதே, அந்த நீலப் பாத்திரம். அதை மனசுல வச்சுக்கிட்டு நான் உனக்கு ஒரு பெரிய கெடுதல் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுடுடி."

ஓப்பல் விழுந்து விழுந்து சிரித்தாள். "நமக்குள்ள சண்டையா? உனக்கு மூளை கொழம்பிப் போச்சா? நாம என்னிக்குடி சண்டை போட்டோம்?" என்று கேட்டாள். அன்று மத்தியானம் அந்தப் பாத்திரத்தையே கொண்டுவந்து வெர்னாவின் மேசைமேல் வைத்தாள். அடியில் ஒட்டுத்தாளில் ஓப்பல் என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. "இது உன்னோடது. எவளோ திருடி எங்க அலமாரியில வச்சுட்டா. பத்திரமா வச்சுக்கோ" என்றாள். வாங்கிக்கொள்வதைத் தவிர வெர்னாவால் வேறு என்ன செய்ய முடியும்?

கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஓப்பல் காலை நடையைத் தானாகவே நிறுத்திவிட்டாள். பழகிவிட்டாள், நல்லதாயிற்று என்று எல்டன் சொன்னார். வெர்னா மட்டும் தினமும் ஆறரைக்கு வெளியே வந்து பதினேழுக்குப் போகிற பாதையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஜனவரி நடுவில் ஷார்லீன் அலுவலகத்துக்கு வந்தாள். கதவு தட்டுகிற சத்தம் இல்லாத காலைகள் தனக்கு என்னவோபோல் இருக்கின்றன, தூக்கமே பிடிக்கவில்லை என்றாள். கணவனிடம் நாள்கணக்கில் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தாள். "நாங்க நாப்பத்தொண்ணுக்குப் போயிடறோம்மா. அவங்க வரட்டும்" என்றாள். வெர்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

அன்றே டிரெய்லரை மாற்றினார்கள். ஹாலிஸ் கை காட்டினார். மஞ்சள் படகைத் தண்ணீரோரமாக இறக்கி வைத்தார்கள். வெர்னா மரத்தடியில் இரண்டு நாற்காலிகளைப் பழைய இடத்திலேயே போட்டாள், பெரிய குவளையில் காபியும் போட்டுவந்தாள். எல்டன் ஓப்பலைக் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்து உட்கார வைத்தார். இலை உதிர்ந்த மரம். ஆறு நிறைந்து பச்சையாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்று பேரும் ஓப்பலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓப்பல் சுற்றிப் பார்த்தாள். மடியில் கைகளை மரியாதையாகக் கோத்து வைத்துக்கொண்டாள்.

"அழகான எடம்" என்றாள். "யாரோடது? குடுத்துவச்சவங்க."

"நம்மளோடது ஓப்பல். பதினேழு. நம்ம மரம்" என்றார் எல்டன்.

"சும்மா இரு. அவங்க வந்தா என்ன நெனச்சுப்பாங்க? எழுந்திரு, நம்ம வீட்டுக்குப் போலாம்." அவளே எழுந்து, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின் வரிசைப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். ஹாலிஸ் முட்டி வலியோடு அவள் பின்னாலேயே போனார்.

எல்டன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். வெர்னாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"எல்டன், அன்னிக்கு நீங்க அக்கரையில நின்னதை நான் பாத்தேன். பைனாகுலர்ல பாத்தேன். உங்க படகு தெரிஞ்சுது. அந்தக் கரையில மணி என்னன்னும் எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

எல்டன் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார். அவர் குரலில் கோபமே இல்லை.

"நீ பாத்தது எனக்குத் தெரியும் வெர்னா. உங்க வாசப்படியில கண்ணாடி மினுங்குச்சு. அன்னிக்கு ஓப்பல் வண்டியில ஏற மாட்டேன்னு தண்ணி ஓரமா நின்னுட்டா. எனக்கு ஒரே பதட்டம். அப்பத்தான் அந்த மினுக்கு தெரிஞ்சுது. அப்பாடா, வெர்னா நம்மளைப் பாத்துட்டா, இனி எடம் பத்திரம், அவசரமே இல்லன்னு நெனச்சுக்கிட்டேன். அவ ஆசை தீர நின்னு ஆத்தைப் பாக்கட்டும்னு விட்டுட்டேன்."

வெர்னா காபிக் குவளையைப் பிடித்தபடி நின்றாள். பின் வரிசையிலிருந்து ஓப்பலின் குரல் கேட்டது. சாவியைக் காணோம், கதவைத் திற என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எல்டன் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு அவளை அழைத்துவரப் போனார்.